‘நரம்பு பிசகிவிட்டது’ என்றால் எது பிசகியது?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து மாணவர்களும் பெற்றோரும் உடற்கல்வி ஆசிரியர்களும் அனுப்பியிருந்த கேள்விகளில், உடலமைப்பையும் விளையாட்டுக் காயங்களையும் பற்றியவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டுள்ளோம். தர்மபுரியில் எலும்பு மருத்துவராகப் பணிபுரியும் நம் பத்தியாளர் பதிலளிக்கிறார்.

கேள்வி: கபடி ஆடும்போது என் வலது பாதம் உள்பக்கமாக மடங்கிக் கணுக்கால் வீங்கிவிட்டது. பாட்டி, ‘நரம்பு பிசகிவிட்டது, உருவிவிட்டால் சரியாகும்’ என்கிறார். உடற்கல்வி ஆசிரியர் ‘லிகமெண்ட்’ என்கிறார். புத்தகத்திலோ தசைநார், தசைநாண் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. எனக்கு உண்மையில் அடிபட்டிருப்பது எது?
— பதினோராம் வகுப்பு மாணவர், பென்னாகரம்

பதில்: உங்கள் பாட்டியைக் குறை சொல்வதற்கில்லை. உடம்புக்குள் கயிறுபோல் ஓடும் எல்லாவற்றையும் ‘நரம்பு’ என்றே சொல்வது நம் பேச்சு வழக்கு. ஊசி போட வரும் செவிலியர் ‘நரம்பு கிடைக்கவில்லை’ என்று சொல்லும்போது அவர் தேடுவது சிரை என்னும் இரத்தக் குழாயை. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டால் ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்கிறோம், ஆனால் அங்கே சுருட்டிக்கொண்டது தசை. பேச்சுக்கு இந்த ஒரு சொல் போதும். மருத்துவத்துக்குப் போதாது, ஏனென்றால் இரத்தக் குழாய், நரம்பு, தசைநாண், லிகமெண்ட் ஆகிய நான்கும் அடிபடும் விதமும் ஆறும் விதமும் வெவ்வேறானவை.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உங்கள் கையையே பாருங்கள். கட்டை விரல் நுனியையும் சுண்டு விரல் நுனியையும் ஒன்றோடொன்று தொடவைத்து, மணிக்கட்டைச் சற்று உள்பக்கம் மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவே ஒரு கயிறு புடைத்து நிற்கும். அது தசைநாண், முன்கையில் இருக்கும் ஒரு தசையின் இழுப்பை உள்ளங்கைக்குக் கொண்டு சேர்க்கும் கயிறு. (உங்களுக்கு அந்தக் கயிறு தெரியாவிட்டால் கவலைப்பட வேண்டாம். சிலருக்குப் பிறவியிலேயே அது இருப்பதில்லை, அதனால் அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை.) குதிகாலுக்கு மேல் விரல்களால் பிடித்துப் பார்த்தால் அகப்படும் தடித்த நாணும் இதே இனம்தான், உடம்பிலேயே பெரிய தசைநாண் அது. அடுத்து, முழங்கையின் உள்பக்கத்து எலும்பு முண்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளம். அங்கே மேசை விளிம்பு இடித்தால் சுண்டு விரல் வரைக்கும் கரண்ட் அடித்ததுபோல் ஓடுகிறதே, அதுதான் உண்மையான நரம்பு. நரம்பு அடிபட்டால் மரத்துப்போகும், சுரீரென்று ஓடும், அல்லது அது இயக்கும் தசை செயலிழக்கும்.

லிகமெண்டை இப்படி வெளியிலிருந்து காட்ட முடியாது. எலும்பையும் எலும்பையும் மூட்டில் சேர்த்துக் கட்டியிருக்கும் இணைப்புநார் அது. தசைநார் என்ற சொல்லை ஒரு நூல் இதற்கும் இன்னொரு நூல் தசைநாணுக்கும் வழங்குவதால், நான் மாணவர்களிடம் லிகமெண்ட் என்றே சொல்லிவிடுகிறேன். கணுக்காலின் வெளிப்பக்கத்தில் இப்படி மூன்று லிகமெண்டுகள் உள்ளன. பாதம் உள்பக்கமாக மடங்கும்போது அவற்றில் முன்னால் இருப்பதுதான் பெரும்பாலும் முதலில் இழுபட்டுக் கிழியும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுக்கும் அதுவே நேர்ந்திருக்க வேண்டும். உங்கள் ஆசிரியர் சொன்னது சரி.

எலும்பு முறியவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட எளிய விதி ஒன்றை உலகமெங்கும் இன்றும் பின்பற்றுகிறார்கள். அடிபட்ட உடனேயும் மருத்துவரிடம் வந்தபோதும், நொண்டியாவது நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே தேவை. கணுக்காலின் இருபக்கத்து எலும்பு முண்டுகளின் நுனியிலோ, அதற்கு மேலே ஆறு சென்டிமீட்டர் வரை எலும்பின் பின் விளிம்பிலோ அழுத்தினால் வலித்தாலும் எக்ஸ்ரே தேவை. பாதத்தின் வெளி விளிம்பின் நடுவில், சுண்டு விரலுக்கு நேராக ஒரு முண்டு இருக்கும். அங்கே வலித்தாலும் அப்படியே. வலி எலும்பில் இல்லாமல் முண்டுக்கு முன்னாலும் கீழும் உள்ள மெத்தென்ற இடத்தில் மட்டும் இருந்து, நடக்கவும் முடிந்தால், அநேகமாக அது லிகமெண்ட் காயம்தான்.

இனி உருவிவிடுவதைப் பற்றி. கிழிந்த நார்களில் நுண்ணிய இரத்தக் குழாய்களும் அறுந்திருக்கும். முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் எண்ணெய் தடவி அழுத்தி உருவினால் உள்ளே கசிவு கூடி, வீக்கமும் வலியும் அதிகமாகும். பாட்டியின் கையில் பழுதில்லை, நாள்தான் முந்திவிட்டது என்று அவரிடம் சொல்லுங்கள். ஐஸ் கட்டியை ஈரத்துணியில் சுற்றி, ஒரு முறைக்குப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் ஆகிய நான்கையும் சேர்த்து 1978-இல் ஒரு சூத்திரமாகச் சொன்ன அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014-இல் தாமே தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். ஆகவே ஐஸ் வலியைக் குறைக்க மட்டும். வலி பொறுக்கும் அளவுக்குச் சீக்கிரமே நடக்கத் தொடங்குங்கள். நடை சீரானதும், பல் துலக்கும் நேரத்தில் அடிபட்ட காலால் மட்டும் நின்று பழகுங்கள். லிகமெண்டுக்குள் இருக்கும் உணர்முனைகளும் பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்பவை. அந்தச் செய்தித் தொடர்பு மீளாமல் களத்தில் இறங்குபவர்களுக்கே அதே கணுக்கால் மறுபடி மறுபடி மடங்குகிறது.

கேள்வி: பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரிக் கோட்டை மலைக்கு ஏறி இறங்கினோம். அன்று மூச்சு வாங்கியதைத் தவிர ஒன்றும் இல்லை. மறுநாள் மாலையிலிருந்து தொடை வலி. மூன்றாம் நாள் மாடிப்படியில் இறங்கவே முடியவில்லை. லாக்டிக் அமிலம் தேங்கியதால் என்கிறார்களே?
— பத்தாம் வகுப்பு மாணவி, கிருஷ்ணகிரி

பதில்: லாக்டிக் அமிலத்தின் மேல் நெடுநாளாகச் சுமத்தப்பட்டுவரும் வீண்பழி இது. கடுமையாக உழைக்கும் தசையில் அது உருவாவது உண்மைதான். ஆனால் உழைப்பு நின்ற ஒரு மணி நேரத்துக்குள் இதயமும் கல்லீரலும் மற்றத் தசைகளும் அதை எடுத்துப் பயன்படுத்திவிடும். மூன்றாம் நாள் வலிக்கு முதல் நாளின் அமிலம் எப்படிக் காரணமாகும்?

உங்கள் தொடையை வாட்டியது ஏற்றம் அன்று, இறக்கம். மலை ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது. இறங்கும்போது, ஒவ்வொரு படியிலும் உடம்பு பொத்தென்று விழாமல் தடுக்க, அதே தசை பிடித்துக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. கிணற்றுக்குள் நிறைகுடத்தை இறக்கும்போது கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறோமே, அதுபோல. பிடித்துக்கொண்டே நீளும்போதுதான் தசை இழைகளில் கண்ணுக்குத் தெரியாத சிதைவுகள் உண்டாகின்றன. அவற்றைச் சீர்ப்படுத்த உடம்பு தொடங்கும் அழற்சி மெல்ல வளர்ந்து, 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்தை அடைகிறது. மெதுவாக நடமாடுவதே இதற்கு நல்ல மருந்து. சில வாரங்களுக்குள் மீண்டும் ஒரு முறை ஏறி இறங்கிப் பாருங்கள். பாதி வலிகூட இருக்காது, தசை அதற்குள் பழகியிருக்கும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இத்தகைய வலியோடு சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால், சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: எங்கள் பள்ளிக் கபடி அணி மாணவி ஒருவர் ரெய்டு போய்த் திரும்பும்போது, எதிரணியினர் கணுக்காலைப் பிடித்ததில் முழங்காலில் ‘டக்’ என்று சத்தம் கேட்டது. இரண்டு மணி நேரத்தில் முட்டி பலாக்காய்போல் வீங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்து நன்றாக நடக்கிறார். அடுத்த வாரப் போட்டிக்கு அழைத்துச் செல்லலாமா?
— உடற்கல்வி ஆசிரியை, அரூர்

பதில்: அழைத்துச் செல்லாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் நான்கு விவரங்களும், அதாவது திரும்பும்போது கணுக்கால் பிடிபட்டது, சத்தம், இரண்டு மணி நேரத்துக்குள் வீக்கம், தெளிவான எக்ஸ்ரே ஆகியவை சேர்ந்து, முழங்காலின் முன்சிலுவை லிகமெண்ட் அறுந்திருக்கக்கூடும் என்று காட்டுகின்றன. மருத்துவமனைகளில் இதைச் சுருக்கமாக ஏ.சி.எல். என்பார்கள்.

முழங்கால் மூட்டின் நடுவே இரண்டு லிகமெண்டுகள் பெருக்கல் குறிபோல் ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்கின்றன. முன்னால் இருப்பது, கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும் திருகிக்கொள்ளாமலும் பிடித்துவைக்கிறது. கபடியில் ரெய்டர் ஒரு காலை ஊன்றி உடம்பைத் திருப்பும் கணத்தில் அந்தக் காலைப் பிடித்துவிட்டால், தொடை எலும்பு ஒரு பக்கமும் கீழ்க்கால் வேறு பக்கமுமாகத் திரும்ப, நடுவில் உள்ள இந்த நார்தான் அறுபடும். அதனுள் ஓடும் இரத்தக் குழாய் கசிந்து மூட்டு நிரம்புவதால் வீக்கம் அவ்வளவு விரைவில் வருகிறது. ஒரு நாள் கழித்து மெல்ல வரும் வீக்கம் பெரும்பாலும் வெறும் நீர். எக்ஸ்ரேயில் எலும்பு மட்டுமே தெரியும் என்பதால், ‘எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது’ என்ற சொல்லை லிகமெண்டுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவர் முழங்காலைச் சற்று மடக்கி, கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார், உறுதிப்படுத்த எம்.ஆர்.ஐ. உதவும்.

கணுக்கால் லிகமெண்ட் தானாக ஒட்டும்போது இது ஏன் ஒட்டுவதில்லை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கணுக்கால் லிகமெண்டைச் சுற்றிச் சதைப்பற்று உண்டு. அங்கே கசியும் இரத்தம் உறைந்து, அந்த உறைவே பாலமாகிப் புதிய நார் வளர்கிறது. முன்சிலுவை லிகமெண்ட் மூட்டு நீரில் நனைந்தபடி இருப்பதால் உறைவு நிலைப்பதில்லை. அறுந்த முனைகள் பெரும்பாலும் விலகியே நின்றுவிடுகின்றன. நேராக நடக்க இந்த லிகமெண்ட் அவ்வளவாகத் தேவைப்படாது, ஆகவே அந்த மாணவி நன்றாக நடப்பதில் வியப்பில்லை. களத்தில் திரும்பும்போதுதான் முழங்கால் ‘விட்டுப்போகும்’. அப்படி விட்டுப்போகும் ஒவ்வொரு முறையும் மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் என்னும் குருத்தெலும்பு வளையம் நசுங்கிக் கிழியும். முப்பது வயதுக்குள் முட்டித் தேய்மானத்தோடு என்னிடம் வரும் முன்னாள் ஆட்டக்காரர்கள் பலரின் கதை, வீக்கம் வடிந்ததும் மறுபடி ஆடியதில்தான் தொடங்குகிறது.

திரும்பவும் ஆட விரும்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. பின்தொடையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, அறுந்த லிகமெண்டின் இடத்தில் பொருத்துவார்கள். முதல் கேள்வியைக் கேட்ட பென்னாகரத்து மாணவர் இதைக் கவனிக்கலாம்: தசையின் கயிறாக இருந்த ஒன்று, மாதக்கணக்கில் மெல்ல மாறி, எலும்புகளைக் கட்டும் நாராகத் தொழில் செய்யப் பழகுகிறது. அதனால்தான் ஒன்பது மாதங்களுக்கு முன் களத்துக்குத் திரும்பக் கூடாது என்று வலியுறுத்துகிறோம்.

ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் பல மடங்கு அதிகமாக வருவதால், மற்ற மாணவியரையும் ஒரு முறை சோதித்துப் பாருங்கள். முழங்கால் உயரப் பெஞ்சிலிருந்து இரண்டு காலாலும் குதிக்கச் சொல்லி, நேர் எதிரே நின்று கவனியுங்கள். தரையைத் தொடும் கணத்தில் இரண்டு முட்டிகளும் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சரிந்தால், அந்த மாணவிக்கு ஆபத்து அதிகம். முட்டி பாத விரல்களுக்கு நேராக நிற்குமாறு, இடுப்பையும் முழங்காலையும் நன்கு மடக்கி, சத்தமில்லாமல் தரையிறங்கக் கற்றுக்கொடுங்கள். கால்பந்துக்கென்று வகுக்கப்பட்ட ‘ஃபிஃபா 11+’ என்னும் இருபது நிமிட முன்பயிற்சியிலும் இது உண்டு. கபடிக்கும் தாராளமாகப் பொருந்தும்.

கேள்வி: விரல்களில் சொடக்கு எடுத்தால் வயதான பிறகு மூட்டுவாதம் வருமா?
— எட்டாம் வகுப்பு மாணவர், ஊத்தங்கரை

பதில்: வராது. மூட்டைச் சட்டென்று இழுக்கும்போது மூட்டு நீரில் அழுத்தம் குறைந்து வாயுக் குமிழி உண்டாவதோடு தொடர்புடையது அந்தச் சத்தம். எலும்போடு எலும்பு உரசுவதில்லை. டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் ஐம்பது ஆண்டுகள் இடக்கையில் மட்டும் சொடக்கு எடுத்து, வலக்கையை விட்டுவைத்து, இரண்டிலும் மூட்டுவாதம் இல்லை என்று 1998-இல் எழுதினார். அந்தப் பொறுமைக்காக 2009-இல் அவருக்கு ‘இக் நோபல்’ என்னும் வேடிக்கைப் பரிசும் கிடைத்தது. வகுப்பில் ஆசிரியர் பாடம் நடத்தும்போது சொடக்கு எடுத்தால் வருவது வேறு. அதற்கு மருத்துவத்தில் மருந்தில்லை.

கேள்வி: கோடை விடுமுறையில் மாந்தோப்பில் விளையாடிக்கொண்டிருந்த என் ஏழு வயது மகன் மரத்திலிருந்து விழுந்து முழங்கை வீங்கிவிட்டது. பக்கத்து ஊரில் மூங்கில் தப்பை வைத்துக் கட்டினோம். இரவெல்லாம் அழுதான், விரல்கள் மரத்துப்போவதாகச் சொன்னான். பயந்துபோய்க் கட்டை அவிழ்த்துவிட்டு விடியற்காலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இப்போது நலம். நாங்கள் எங்கே தவறினோம்?
— வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: கட்டை அவிழ்த்தீர்களே, அந்த இடத்தில் தவறவில்லை. அது உங்கள் மகனின் கையைக் காப்பாற்றியிருக்கலாம்.

கையை நீட்டியபடி விழும் சிறுவர்களுக்கு, அதிலும் ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள், முழங்கைக்குச் சற்று மேலே மேற்கை எலும்பு முறிவது மிகச் சாதாரணம். அந்த இடத்தில் எலும்பு தட்டையாகவும் மெல்லியதாகவும் இருக்கிறது. கைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய தமனியும் ஒரு முக்கிய நரம்பும் அதற்கு நேர் முன்னால் ஓடுகின்றன. முறிந்த முனை அவற்றைக் குத்தலாம். குத்தாவிட்டாலும், முன்கைத் தசைகள் எளிதில் நீளாத உறைகளுக்குள் அடைபட்டிருப்பதால், வீங்க இடமில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறும். வெளியே இறுக்கமான கட்டும் இருந்துவிட்டால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கி, ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் தசை மடியத் தொடங்கும். மடிந்த தசை பின்னர் சுருங்கித் தழும்பாகி, மணிக்கட்டையும் விரல்களையும் பறவையின் நகம்போல் நிரந்தரமாக மடக்கிவிடும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் வோல்க்மன் 1881-இலேயே, இறுக்கக் கட்டிய கைகளுக்கு இந்த நிலை வருவதை விரித்து எழுதினார். அவர் பெயராலேயே இன்றும் இது வழங்கப்படுகிறது. மூங்கில் தப்பைக்கு மட்டும் இந்தப் பழி இல்லை. வீக்கம் ஏறும் முதல் நாளில் மருத்துவமனையில் சுற்றிலும் போட்ட இறுக்கமான மாவுக்கட்டும் இதைச் செய்யும்.

அறிகுறிகளில் முதலில் வருவதும் நம்பத்தக்கதும் வலிதான். கட்டுப் போட்ட பிறகு வலி குறைய வேண்டும்; மணிக்கு மணி கூடினால் குழந்தை அடம்பிடிக்கிறான் என்று எண்ணாதீர்கள். மடங்கியிருக்கும் விரலை நீங்கள் மெதுவாக நீட்டிவிட்டால் முன்கையில் கடுமையாக வலிக்கிறதா என்று பாருங்கள். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். மரத்துப்போவதும் விரல் அசையாமல் போவதும் பின்னால் வருபவை. அவை வரும்வரை காத்திருக்கக் கூடாது, மணிக்கட்டில் நாடி துடிக்கிறது என்று ஆறுதல் கொள்ளவும் கூடாது. கட்டை உள்துணி உட்படத் தோல் தெரியும்வரை வெட்டிப் பிரித்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, உடனே கிளம்ப வேண்டும். வழியில் இட்லியோ பாலோ கொடுக்காதீர்கள். மயக்க மருந்து தேவைப்பட்டால் நிரம்பிய வயிறு தாமதத்தை உண்டாக்கும்.

தவறு என்று ஒன்றைச் சொல்வதென்றால், முழங்கை வீங்கிய குழந்தையை எக்ஸ்ரே எடுக்காமல் எங்கேயும் கட்டுப் போட விட்டிருக்கக் கூடாது.

கேள்வி: நீளம் தாண்டுதல் பயிற்சிக்குப் போகும் என் பதின்மூன்று வயது மகனுக்கு முட்டிக்குக் கீழே எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது; தொட்டால் வலிக்கிறது. கட்டியாக இருக்குமோ என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.
— ஒரு தாய், பாலக்கோடு

பதில்: வளர்கிற வயதில், ஓடித் தாண்டும் பிள்ளைகளுக்கு, முட்டிச்சில்லுக்குக் கீழே நான்கு விரற்கடைக்குள் வரும் இத்தகைய துருத்தல் பெரும்பாலும் கட்டி இல்லை. பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ முந்நூறு எலும்புத் துண்டுகள் இருக்கும். அவை ஒன்றோடொன்று சேர்ந்து வளர்ந்தவருக்கு 206 ஆகின்றன. அப்படிச் சேர்ந்து முடியாத எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு என்னும் குருத்தெலும்புப் பகுதி இருக்கும். முன்தொடைத் தசையின் நாண், கீழ்க்கால் எலும்பில் வந்து பற்றும் இடமும் அத்தகையதே. தாண்டும்போதெல்லாம் அந்த நாண் இளம் எலும்பை இழுத்து இழுத்து அங்கே அழற்சியை உண்டாக்குகிறது. 1903-இல் ஆஸ்குட், ஷ்லாட்டர் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியே இதை விவரித்ததால் இருவர் பெயரும் இதற்கு நிலைத்துவிட்டது.

பயிற்சியை முழுவதும் நிறுத்த வேண்டாம். வலி மட்டுப்படும்வரை தாண்டுவதைக் குறைத்து, முன்தொடைத் தசையை இழுத்து நீட்டும் பயிற்சிகளைச் செய்யட்டும். வளர்ச்சித் தட்டு மூடியதும் வலி நீங்கும், முண்டு மட்டும் இருந்துவிடலாம். ஆனால் வலி இரவில் தூக்கத்தைக் கலைத்தாலோ, காய்ச்சலோ எடைக் குறைவோ சேர்ந்திருந்தாலோ உடனே காட்டுங்கள். நொண்டி நடக்கும் பையனின் முட்டியைத் தொட்டால் வலிக்கவில்லை என்றால் இடுப்பையும் சோதிக்கச் சொல்லுங்கள். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் நரம்பு பொதுவாக இருப்பதால், இடுப்பில் இருக்கும் கோளாறு முட்டியில் வலியாகத் தெரிவதுண்டு. இந்த ஓர் இடத்தில் ‘நரம்பு’ என்று சொன்னால் அது சரியாகவே இருக்கும்.

கேள்வி: கேழ்வரகுக் களி சாப்பிட்டால் எலும்பு உறுதியாகும் என்பது உண்மையா? எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு இருப்பதாகச் சொல்கிறார்களே, அது எலும்பை என்ன செய்யும்?
— கல்லூரி மாணவர், தேன்கனிக்கோட்டை

பதில்: களியைப் பற்றி நம் முன்னோர் சொன்னது உண்மை. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு; அரிசி இதற்கு அருகில்கூட வராது. வளரிளம் பருவத்தினருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் தேவை. தானியத்தில் உள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் கால்சியத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். முளைகட்டினாலோ இரவு முழுவதும் புளிக்கவைத்தாலோ அது குறையும் என்பதால், களியைவிடப் புளித்த கூழுக்கு நான் ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுப்பேன். கால்சியத்தைக் குடல் உறிஞ்சுவதற்கு வெயில் தரும் வைட்டமின் டி வேண்டும். எலும்பின் மீது பளு விழவும் வேண்டும். தாண்டுதல், ஓடுதல், கயிறு தாண்டுதல் ஆகியவற்றால் ஏற்படும் அதிர்வுதான் எங்கே தடித்து வளர வேண்டும் என்று எலும்புக்குச் சொல்லும் செய்தி.

ஃபுளோரைடு நம் இரண்டு மாவட்டங்களின் பழைய துயரம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. எட்டு வயதுக்குள் பற்களின் எனாமல் உருவாகிக்கொண்டிருக்கும்போது அதற்கு மேல் உட்கொண்டால் பற்களில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் நிலைக்கும். பல ஆண்டுகள் மிகுதியாக உட்கொண்டால் எலும்பு எக்ஸ்ரேயில் அடர்த்தியாகத் தெரியும். ஆனால் அடர்த்தி வேறு, உறுதி வேறு. எலும்பு எளிதில் உடையும், லிகமெண்டுகளிலும் சுண்ணம் படிந்து முதுகும் மூட்டுகளும் மடங்காமல் விறைத்துப்போகும். இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அந்த நீர் வரும் இடங்களில் குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்துங்கள். களிக்கு உலை வைக்கும் நீரும் இதில் சேர்த்தி. கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும்.

கேள்வி: கிரிக்கெட் பந்து பட்டு நண்பனின் முன்பல் வேரோடு விழுந்துவிட்டது. கழுவித் தாளில் மடித்து வைத்திருந்தோம். மறுநாள் மருத்துவர், ‘இனிப் பொருத்த முடியாது’ என்றார். வேறு என்ன செய்திருக்க வேண்டும்?
— பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், பர்கூர்

பதில்: பல்லின் வேர்ப்பரப்பில் ஒட்டியிருக்கும் நுண்ணிய நார்களும் ஒருவகை லிகமெண்டுதான். அவற்றின் செல்கள் உலர்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மடிந்துவிடும். நிலைத்த பல்லாக இருந்தால், வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்தெடுத்து, மண் ஒட்டியிருந்தால் ஒரு கணம் பாலிலோ நீரிலோ அலசி, தேய்க்காமல் அதே குழியில் திரும்பச் செருகி, சுத்தமான கைக்குட்டையை மெல்லக் கடித்துக்கொள்ளச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத் துணிவில்லையென்றால் தாளுக்குப் பதிலாக ஒரு தம்ளர் பால் போதும். பக்கத்து டீக்கடையில் காய்ச்சாத குளிர்ந்த பாலாகக் கேட்டு வாங்கி, பல்லை அதில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேர்ப்பித்திருந்தால் அந்தப் பல் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. பால் பல்லாக இருந்தால் மட்டும் செருக வேண்டாம், அடியில் வளரும் நிலைத்த பல்லுக்குக் கேடு.